அப்பாவின் சொத்தைப் பிரிக்க எந்த வக்கீலிடம் போவது?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கும்பகோணம் பக்கத்துக் கிராமம். அப்பா தவறி எட்டு மாதம் ஆகிறது. அம்மா இருக்கிறார்; அக்கா சிங்கப்பூரில், அண்ணன் திருப்பூரில், கேட்பவர் ஊரில். நஞ்சை மொத்தம் 12 மா (ஒரு மா ஏறத்தாழ 33 சென்ட்). அதில் 6 மா அப்பா கிரயம் வாங்கியது. மீதி 6 மாவுக்குப் பட்டா இன்னும் தாத்தா பெயரிலேயே இருக்கிறது. ஒரு வீடு, பாங்கில் டெபாசிட், கூட்டுறவுச் சங்கத்தில் ஒரு நகைக்கடன். பதிவு செய்த உயில் உண்டு: நிலம் முழுவதும் மகன்கள் இருவருக்கு, வீடு அம்மாவுக்கு, அக்காவுக்கு ஒன்றும் இல்லை. "புரொபேட் வாங்க வேண்டும், அதற்கென்று இருக்கிற வக்கீலைப் பாருங்கள்" என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அந்த வக்கீல் எங்கே கிடைப்பார்?

நம் பக்கத்தில் புரொபேட் வக்கீல் என்று தனியாகப் போர்டு வைத்துக்கொண்டு யாரும் இல்லை. நிலம், பாகம், உயில் எல்லாவற்றையும் சிவில் வக்கீல்தான் பார்க்கிறார். முதலில் புரொபேட் தேவையா என்று பார்ப்போம். உயில் உண்மையானது என்று கோர்ட் முத்திரை வைத்துக் கொடுப்பதுதான் புரொபேட். 1925-ஆம் வருட இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 213-ஆம் பிரிவு, சென்னை நகர எல்லைக்குள் உள்ள சொத்துக்கும் அங்கே எழுதிய உயிலுக்கும் அதைக் கட்டாயமாக வைத்திருந்தது. தஞ்சாவூர், திருவாரூர், நாகை, மயிலாடுதுறை நிலத்துக்கு இங்கேயே எழுதிய உயிலுக்கு அந்தக் கட்டாயம் என்றைக்குமே இருந்ததில்லை. 2025 டிசம்பரில் அந்தப் பிரிவையே நாடாளுமன்றம் எடுத்துவிட்டது. ஆகவே முதல் நாளே "புரொபேட் போட்டால்தான் ஆகும்" என்று ஒரு வக்கீல் சொன்னால், ஏன் என்று கேளுங்கள். உயிலை யாராவது மறுக்கிறார்கள், அல்லது வெளிநாட்டில் காட்ட வேண்டியிருக்கிறது என்பது போன்ற காரணம் இருந்தால் சரி. உங்கள் உயிலில் நிறைவேற்றுபவர் என்று யார் பெயரும் எழுதவில்லை என்றால், அப்போதும் கிடைப்பது புரொபேட் ஆகாது. உயிலை இணைத்த நிர்வாக உரிமைப் பத்திரம் என்று வேறொன்று. இரண்டிலும் கோர்ட் பார்ப்பது உயில் மெய்யா பொய்யா என்பதை மட்டும். அந்த நிலம் அப்பாவுடையதுதானா என்று அது பார்க்காது.

உங்கள் விஷயத்தில் சிக்கல் இருப்பதோ அங்கேதான், அந்தத் தாத்தா பெயரிலுள்ள 6 மாவில்.

தாத்தா 1956-க்குப் பிறகு, உயில் எழுதாமல் இறந்தார், அந்த நிலம் அவரே சம்பாதித்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 8-ஆம் பிரிவுப்படி அது மகனுக்கு மட்டும் வரவில்லை. மகள்களுக்கும், பாட்டி அப்போது இருந்திருந்தால் அவருக்கும் சமமாகப் போயிருக்கிறது. உங்களுக்கு இரண்டு அத்தைகள், பாட்டி முன்பே போய்விட்டார் என்றால் அப்பாவின் பங்கு மூன்றில் ஒன்று, அதாவது 2 மா. உயிலில் 6 மா என்று எழுதியிருந்தாலும் உங்கள் இருவருக்கும் வருவது அந்த 2 மாதான். 4 மா அத்தைகளுடையது. கல்யாணத்தில் சீர் செய்தோம், நகை போட்டோம் என்பதால் அந்தப் பங்கு கரையாது. "எனக்கு வேண்டாம்பா" என்று அத்தை வாயால் சொன்னதாலும் போகாது. தங்கள் பங்கை விட்டுத்தருவதாக அத்தைகள் பதிவு செய்த விடுதலைப் பத்திரம் எழுதிக்கொடுத்திருக்க வேண்டும். இத்தனை வருடம் அப்பாதானே பயிர் வைத்தார் என்பதும் தனியாக எடுபடாது; பங்குதாரர் ஒருவர் அனுபவித்தால் அது எல்லோருக்குமான அனுபவம் என்றுதான் கோர்ட் எடுத்துக்கொள்ளும். நிலம் தாத்தாவுக்கும் முந்தைய பூர்வீகம் என்றால் கணக்கு இன்னும் மாறும். 2005 செப்டம்பர் 9 முதல் மகளும் பிறப்பிலேயே பங்குதாரர். அந்தத் தேதியில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2004 டிசம்பர் 20-க்கு முன் முறையாகப் பதிவான, அல்லது கோர்ட் தீர்ப்பாணையால் ஆன பாகப்பிரிவினையை அது தொடாது. பூர்வீகம் என்றால் உங்கள் அக்காவுக்கும் அதில் சொந்தப் பங்கு உண்டு. அப்பாவின் உயில் அதை எடுத்துவிட முடியாது.

வக்கீலைத் தேர்ந்தெடுக்கும் வழியும் இதிலிருந்தே கிடைக்கிறது. முதல் சந்திப்பில் அவர் என்ன சொல்கிறார் என்பதை விட என்ன கேட்கிறார் என்று கவனியுங்கள். நல்ல சிவில் வக்கீல் உயிலைக் கையில் வாங்கியதும் தாத்தாவின் மூலப்பத்திரம் எங்கே, தாத்தா எந்த வருடம் இறந்தார், அவருக்கு எத்தனை பெண்கள், அப்பாவைப் பெற்ற பாட்டி இருக்கிறாரா என்று கேட்பார். பாட்டியைப் பற்றிய கேள்வி முக்கியம். இறந்தவரின் தாயும் மனைவி, மக்களோடு முதல் வகுப்பு வாரிசு. வாரிசுச் சான்றிதழ் மனுவில் அவரை விட்டுவிட்டால், பின்னால் அவர் காலமான பிறகு அவர் பங்குக்கு அத்தைகளும், சித்தப்பாக்கள் இருந்தால் அவர்களும் வருவார்கள். ஒரு தாளில் வம்சாவளி வரைந்துகொண்டு, அதன் பிறகு வழியைச் சொல்பவர் நமக்கு வேண்டியவர். பட்டாவை மட்டும் புரட்டிவிட்டு "கேஸ் போட்டுடலாம்" என்று ஃபீஸ் சொல்பவரிடமிருந்து நன்றி சொல்லி எழுந்துவிடலாம்.

எங்கே தேடுவது? வக்கீல்கள் விளம்பரம் செய்யக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி. ஆகவே இணையத்தில் முதலில் வரும் பெயர் தகுதிக்கு அடையாளம் இல்லை. நிலம் எந்தக் கோர்ட் எல்லையில் இருக்கிறதோ அங்கே தினமும் ஆஜராகிறவராகப் பாருங்கள். நிலத் தாவா நிலம் இருக்கும் இடத்துக் கோர்ட்டில்தான் நடக்கும். சென்னையிலிருந்தோ மதுரையிலிருந்தோ பெரிய பெயர் ஒன்றைப் பிடித்தால் வாய்தாவுக்கு நிற்பது அவருடைய ஜூனியரின் ஜூனியர்தான். கிராமம் மாவட்ட எல்லையில் இருந்தால் இன்னொன்றும் உண்டு. தஞ்சாவூர் மாவட்ட வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போனால் மதுரைக் கிளைக்குப் போகும். மயிலாடுதுறை, திருவாரூர், நாகை வழக்குகள் சென்னைக்குப் போகும்.

விசாரிக்க நல்ல இடம் பாங்க். அடமானக் கடனுக்கு முன் பத்திரங்களைப் படித்துக் கருத்துரை எழுதித் தரும் வக்கீல்கள் ஒவ்வொரு கிளைக்கும் உண்டு. முப்பது வருடப் பத்திரச் சங்கிலியைப் படித்துப் பழகிய கண் அவர்களுடையது. பாகச் சொத்துக்கு அந்தக் கண்தான் வேண்டும். ஓய்வுபெற்ற தாசில்தார், அனுபவமுள்ள பத்திர எழுத்தர் இவர்களிடமும் கேளுங்கள். இரண்டு மூன்று பெயர் கிடைத்ததும் இ-கோர்ட்ஸ் தளத்தில் வக்கீல் பெயரைப் போட்டுத் தேடினால் அவர் நடத்தும் வழக்குகள் வரும். அவற்றில் பாக வழக்கு எத்தனை, அதில் எத்தனை இறுதித் தீர்ப்பாணை வரை போயிருக்கின்றன என்று பாருங்கள். வசதி இல்லையென்றால் கோர்ட் வளாகத்திலேயே வட்ட சட்டப்பணிகள் குழு இருக்கிறது. பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவச வக்கீல் தருவார்கள். உங்கள் அம்மாவோ அக்காவோ அத்தையோ கேட்கலாம்.

உயிலை எழுதிய வக்கீலிடமே போகலாமே என்று தோன்றும். அவர் சாட்சிக் கையெழுத்தும் போட்டிருந்தால், நாளைக்குக் கூண்டில் ஏற வேண்டியவர் அவர். தானே சாட்சியாக வரக்கூடிய வழக்கை வக்கீல் எடுத்து நடத்தக் கூடாது. யோசனை கேட்கலாம், வக்காலத்து வேறொருவருக்குக் கொடுங்கள். அதேபோல எல்லோரும் சம்மதமாக இருக்கும்போது ஒரே வக்கீல் குடும்பம் முழுவதற்கும் பத்திரம் தயாரிக்கலாம். ஒருவர் முறுக்கிக்கொண்டு போய்விட்டால் அந்த வக்கீல் அவருக்கு எதிராக உங்களுக்காக நிற்க முடியாது.

வக்கீலிடம் போகும் முன் கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்: அப்பாவின் இறப்புச் சான்று, தாத்தாவின் இறப்புச் சான்று, இ-சேவை மூலம் தாசில்தாரிடம் வாங்கும் வாரிசுச் சான்றிதழ் இருவருக்கும், உயிலின் பதிவு நகல், மூலப்பத்திரங்கள், வில்லங்கச் சான்று, பட்டா, 'அ' பதிவேட்டு (கிராமத்தின் சர்வே எண்வாரி நிலக் கணக்கு) நகல், புலப்படம் (வயலின் அளவுப் படம்). உயில் நகலுக்கு இறப்புச் சான்றோடு சார்பதிவாளரிடம் மனுப் போட வேண்டும். உயில் 3-ஆம் புத்தகத்தில் பதிவாவதால் வில்லங்கச் சான்றில் அது தெரியாது. பின்னால் வேறு உயில் எழுதினாரா என்பதையும் தனியாகத்தான் தேடச் சொல்ல வேண்டும். வாரிசுச் சான்றிதழ் யார் யார் வாரிசு என்று சொல்லும் காகிதம், அவ்வளவே. யாருக்கு எவ்வளவு பங்கு என்று அது சொல்லாது. சக்சஷன் சர்டிபிகேட் என்பது வேறு. அது கோர்ட் தருவது, டெபாசிட், கம்பெனிப் பங்குப் பத்திரம் போன்றவற்றுக்கு மட்டும். நிலத்துக்கு அதைக் கேட்டு அலைய வேண்டாம்.

பரப்பளவை நீங்களே ஒருமுறை சரிபாருங்கள். பழைய பத்திரம் மா, குழியில் இருக்கும். பட்டா ஹெக்டேர், ஏரில் இருக்கும். 12 அடிக் கோலால் ஒரு குழி 144 சதுர அடி. 100 குழி ஒரு மா, ஏறத்தாழ 33 சென்ட், 13.38 ஏர். ஆக 6 மா என்றால் பட்டாவில் 0.80 ஹெக்டேரை ஒட்டி இருக்க வேண்டும். 0.67 என்று இருந்தால் அது 5 மாதான். ஒரு மாவைக் காணோம் என்று பொருள். வாய்க்காலுக்கோ ரோட்டுக்கோ போயிருக்கலாம், நில ஆவணங்களைப் புதுப்பித்த யு.டி.ஆர். கணக்கெடுப்பில் பக்கத்து வயலோடு சேர்ந்திருக்கலாம், வேறு பெயர் ஏறியிருக்கலாம். யு.டி.ஆர். பிழையை மாவட்ட வருவாய் அலுவலரிடம் மனு கொடுத்துத் திருத்த வேண்டும். அதை முதலில் செய்யாமல் பாகப் பத்திரம் எழுதினால், இல்லாத நிலத்தைப் பங்கு போட்ட கதையாகிவிடும். உட்பிரிவுக்கு சர்வேயர் சங்கிலி பிடிக்கும் அன்றுதான் தெரியும். சம்பா அறுத்து, உளுந்தும் பயறும் எடுத்து, ஜூன் 12 மேட்டூர்த் தண்ணீரை எதிர்பார்த்து வயல் காய்ந்து கிடக்கும் சித்திரை, வைகாசிதான் அளக்கத் தோதான காலம். அந்த இரண்டு மாதத்தைத் தவறவிட்டால் ஒரு வருடம் போகும்.

சம்மதம் கூடினால் கோர்ட் வேண்டாம். அத்தைகள் விட்டுத்தர இசைந்தால் அவர்களிடம் விடுதலைப் பத்திரம், இல்லையென்றால் அவர்கள் பங்கைப் பிரித்துக் கொடுத்துவிட்டு, மிச்சத்துக்கு நீங்களும் அண்ணனும் பாகப்பிரிவினை. அந்தப் பத்திரத்தில் உயிலைக் குறிப்பிட்டு, அம்மாவும் அக்காவும் உயிலை ஒப்புக்கொள்வதாகக் கையெழுத்துப் போட்டால், கோர்ட்டுக்குப் போகாமலே உயில் பிரச்சினையில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். இதை எழுத வக்கீல் வேண்டும். பத்திர எழுத்தரின் வழக்கமான வாசகம் போதாது. ஊர்ப் பெரியவர்களை வைத்து எழுதும் பதியாத கூர்ச்சீட்டோடு (பாகம் பிரித்த சீட்டு) நிறுத்திவிடாதீர்கள். பாகம் பிரித்ததற்கு அது ஆதாரமாக ஏறாது, பாங்க் கடனும் தராது. குடும்பத்துக்குள் பாகப்பிரிவினைக்கு முத்திரைத் தீர்வை ஒவ்வொரு பாகத்துக்கும் 1 சதவீதம், உச்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1 சதவீதம், உச்சம் 10,000. இது 2023 ஜூலை 10 முதல் உள்ள வரம்பு. பதியும் வாரத்தில் சார்பதிவாளர் அலுவலகத்தில் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். பத்திரம் முடியும் வரை எல்லா வாரிசுகள் பெயரிலும் கூட்டுப் பட்டா வாங்கி வைப்பது நல்லது; தாத்தா பெயரில் கிடக்கும் பட்டா வம்புக்கு வழி.

அக்கா விஷயத்தை மனதோடு பாருங்கள். பெற்ற மகளுக்கு ஒன்றும் வைக்காத உயிலைக் கோர்ட் சந்தேகக் கண்ணோடுதான் படிக்கும். ஏன் என்ற காரணம் உயிலிலேயே இருந்தால் பலம். இல்லாமல், பலன் அடையும் மகனே பத்திர ஆபீசுக்கு அழைத்துப் போயிருந்தால் பலவீனம். பதிவு செய்திருப்பது மட்டும் நிரூபணம் ஆகாது. உயிலில் சொல்லாத பாங்க் டெபாசிட்டிலும் அடகில் உள்ள அப்பாவின் நகையிலும் அக்காவுக்கு எப்படியும் பங்கு உண்டு: அம்மா, மூன்று பிள்ளைகள் என நாலில் ஒன்று, பாட்டி இருந்தால் ஐந்தில் ஒன்று. அதை நீங்களே முன்வந்து கொடுத்தால், கையெழுத்துக் கேட்கும் பேச்சு சுமுகமாகத் தொடங்கும். நாமினி அம்மா என்பதால் பணம் முழுதும் அம்மாவுடையது ஆகிவிடாது. நாமினி வாங்கி வைத்திருப்பவர் மட்டுமே. நாமினி இல்லாத கணக்கு என்றால், ரிசர்வ் வங்கியின் 2025 விதிப்படி 15 லட்சம் வரை, கூட்டுறவு வங்கியில் 5 லட்சம் வரை, தகராறு இல்லாதபோது சக்சஷன் சர்டிபிகேட் கேட்கக் கூடாது.

அக்கா வர முடியாவிட்டால் பவர் எழுதி, அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் அத்தாட்சி பெற்று அனுப்பலாம். இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் அதற்கு இங்கே முத்திரை கட்ட வேண்டும். இந்தக் கெடுவைத் தவறவிடுகிறவர்கள் நிறைய. அவர் வெளிநாட்டில் குடியிருப்பதால், இந்தியக் குடியுரிமையை வைத்திருந்தாலும் சரி, சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கியிருந்தாலும் சரி, இன்னொரு கவனம்: விவசாய நிலத்தை வாரிசாக அடையலாம், விலைக்கோ தானமாகவோ பெற முடியாது. அவருக்கு நிலமாகக் கொடுப்பதா பணமாகவா என்பதை வக்கீலிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

பேச்சு முறிந்தால் பாக வழக்கு. கூட்டு அனுபவத்தில் இருக்கிறோம் என்றால் கோர்ட் கட்டணம் நிர்ணயித்த சிறு தொகை; வெளியே தள்ளப்பட்டவர் போட்டால் பங்கின் சந்தை மதிப்பில் 3 சதவீதம். பிராதில் (வழக்கு மனுவில்) ஒரு சொத்தையோ ஒரு பங்குதாரரையோ விட்டால் அதுவே வழக்கைக் கவிழ்க்கும். முதல்நிலைத் தீர்ப்பாணை பங்கை மட்டும் சொல்லும். அதன் பிறகு கோர்ட் நியமிக்கும் கமிஷனர் வந்து அளந்து, இறுதித் தீர்ப்பாணை வந்தால்தான் வரப்புப் போட முடியும். முதல் தீர்ப்போடு ஜெயித்துவிட்டதாக நினைத்து நின்றுபோன வழக்குக் கட்டுகள் குமாஸ்தா அலமாரிகளில் ஏராளம். ஆகவே ஃபீஸ் பேசும்போதே நோட்டீஸ், பிராது, முதல்நிலை, இறுதி, நிறைவேற்றம் என்று கட்டம் கட்டமாக எழுதி வாங்குங்கள். கோர்ட் கட்டணம், கமிஷனர் பேட்டா, நகல் செலவு தனியாக. ஜெயித்தால் ஒரு மா கொடுங்கள் என்று கேட்பது விதிக்கு விரோதம், அப்படிப்பட்டவர் வேண்டாம். அசல் பத்திரத்தை யாரிடமும் விட்டுவைக்காமல் நகல் கொடுங்கள். கோர்ட்டில் தாக்கல் செய்ய அசல் கொடுத்தால் பத்திர எண்ணோடு ரசீது வாங்குங்கள். எழுதாத முத்திரைத் தாளில் கையெழுத்துக் கூடாது. பிடிக்காமல் வக்கீலை மாற்றினால், ஃபீஸ் பாக்கி என்று சொல்லிக் கட்டைப் பிடித்துவைக்க அவருக்கு உரிமை இல்லை என்று 2000-இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொல்லியிருக்கிறது.

டெல்டாவில் மட்டும் கேட்க வேண்டிய ஒரு கேள்வியும் உண்டு. அந்த 6 மாவோ வீட்டு மனையோ கோயிலுடையதா, மடத்துடையதா? குத்தகை நிலம் என்றால் வாரிசுக்கு வருவது சாகுபடி உரிமைதான். அதுவும் தன் உடலுழைப்பைப் போட்டுப் பயிர் செய்பவருக்கு. திருப்பூரில் இருக்கும் அண்ணன் அதில் பங்கு கேட்க முடியுமா என்பதே வேறு சட்டம், அதற்கு வருவாய் நீதிமன்றத்தில் பழகிய வக்கீல் வேண்டும். அடிமனைக்குப் பகுதி (மனை வாடகை) கட்டிவரும் வீடு என்றால் அம்மாவுக்கு உயிலால் போவது கட்டடம், மனை போகாது. பழைய ரசீதுகளை எடுத்துப் பாருங்கள்.

இதற்கெல்லாம் முன்பே செய்ய வேண்டியது ஒன்று. உயிலில் சாட்சிக் கையெழுத்துப் போட்ட இருவரும் இப்போது எங்கே இருக்கிறார்கள், எப்படி இருக்கிறார்கள் என்று இந்த வாரமே விசாரியுங்கள். அவர்களில் ஒருவராவது வந்து, அப்பா என் கண் எதிரே கையெழுத்துப் போட்டார் என்று சொன்னால்தான் உயில் நிற்கும். இருவரும் போய்விட்டால், சாட்சியின் கையெழுத்தையும் அப்பாவின் கையெழுத்தையும் அடையாளம் காட்ட வேறு ஆளைத் தேட வேண்டிவரும். அப்பா பாங்கிலும் சொசைட்டியிலும் கையெழுத்துப் போட்ட பழைய தாள்களையும் சேர்த்து எடுத்து வையுங்கள்.